மின்முனைப் பதிவையும் பிற கருவிகளையும் ட்ரிகரால் இணைத்தல்: சேலத்து ஆய்வகங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தலையில் பொருத்திய மின்முனைகள் மூளையின் மின்னலைகளைப் பெருக்கிக்கு அனுப்புகின்றன. படம் காட்டும் கணினி வேறு, ஒலி எழுப்பும் கருவி வேறு, கேமரா வேறு. ஒவ்வொன்றும் தன் சொந்தக் கடிகாரத்தைப் பின்பற்றி ஓடுகிறது. அந்தக் கடிகாரங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. திரையில் படம் தோன்றிய நேரம் மூளையலைப் பதிவில் எந்த இடத்தில் விழுகிறது என்பது தெரியாவிட்டால், பெருக்கி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அந்தப் பதிவை வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. கருவிகளுக்கிடையே அனுப்பப்படும் சிறு மின்துடிப்பான ட்ரிகர் இந்த இடைவெளியைத்தான் நிரப்புகிறது.

சேலம் வட்டாரக் கல்லூரிகளில் உயிர்மருத்துவப் பொறியியல், உளவியல், உடலியங்கியல் படிக்கும் மாணவர்களையும், அவர்களுக்குக் கருவிகளைத் தயார் செய்து தரும் ஆய்வக உதவியாளர்களையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். நான் முக்கியமாக வலியுறுத்த விரும்புவது ஒன்று உண்டு. நிகழ்வு இந்த நேரத்தில் நடந்தது என்று மென்பொருள் எழுதிவைப்பதை அப்படியே ஏற்றுக்கொள்ளாமல், அந்த நிகழ்வின் ஒளியோ ஒலியோ அசைவோ பதிவிலேயே தன் தடத்தை இடும்படி செய்து, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே சோதனையைத் தொடங்க வேண்டும்.

எவ்வளவு துல்லியம் போதும்?

கம்பிகளைக் கையில் எடுக்கும் முன் இந்தக் கேள்விக்கு விடை காண வேண்டும். சதுரங்கக் கட்டம் மாறும்போது பார்வைப் புறணியில் எழும் அலை ஏறத்தாழ 100 மில்லி நொடியில் உச்சம் தொடுகிறது. அரிதாக வரும் தூண்டலுக்கு எழும் பி300 அலை 300 மில்லி நொடிக்குப் பின் வரும் அகன்ற அலை என்பதால், சில மில்லி நொடிப் பிழையை அது தாங்கிக்கொள்ளும். செவி நரம்பிலிருந்து மூளைத்தண்டு வரை செல்லும் அலைகளோ ஒலி எழுந்த 10 மில்லி நொடிக்குள் முடிந்துவிடுபவை; அடுத்தடுத்த உச்சங்களுக்கிடையே ஏறத்தாழ 1 மில்லி நொடிதான் இடைவெளி. இந்த மூன்றுக்கும் ஒரே ஏற்பாடு போதும் என்று எண்ணுவது தவறு.

தாமதத்தில் இரண்டு வகை உண்டு. ட்ரிகருக்கும் நிகழ்வுக்கும் இடையே ஒவ்வொரு முறையும் மாறாமல் 30 மில்லி நொடி தாமதம் இருந்தால் கவலையில்லை, அளந்து கழித்துவிடலாம். ஒருமுறை 20, மறுமுறை 35 என்று மாறிக்கொண்டே இருக்கும் தடுமாற்றம்தான் பதிவைக் கெடுக்கிறது, ஏனென்றால் ஒவ்வொரு நிகழ்வையும் ஒட்டி வெட்டிய நூறு பதிவுத் துண்டுகளைச் சராசரி எடுக்கும்போது உச்சங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழாமல் சிதறிவிடுகின்றன. தடுமாற்றத்தின் திட்டவிலக்கம் (சராசரியிலிருந்து சிதறும் அளவு) 5 மில்லி நொடி என்று வைத்துக்கொண்டால், 10 ஹெர்ட்ஸ் அலை சராசரியில் 5 விழுக்காடு மட்டுமே தேயும். 40 ஹெர்ட்ஸ் அலையில் 45 விழுக்காடுதான் மிஞ்சும். அதே தடுமாற்றம் 10 மில்லி நொடியானால் 40 ஹெர்ட்ஸ் அலை ஏறக்குறைய முழுவதும் மறைந்துவிடும். 40 ஹெர்ட்ஸ் போன்ற வேகமான காமா அலைகளே வரவில்லை என்று பெருக்கியின்மீது பழி போடுவதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது.

ட்ரிகர் எங்கிருந்து எங்கே செல்ல வேண்டும்?

ஒரு தாளில் எல்லாக் கருவிகளையும் வரைந்து, துடிப்பை யார் பிறப்பிப்பது, யார் பெறுவது என்று அம்புக்குறி இடுங்கள். பொதுவாகத் தூண்டலை வழங்கும் கணினியே துடிப்பையும் பிறப்பிக்கும். பெருக்கி, கேமரா, தோல் மின்கடத்தல் கருவி ஆகியவை அதைப் பெறும். தானாகவே துடிப்பு வெளியிடும் கருவி ஒன்று இருந்தால், எடுத்துக்காட்டாக ஒவ்வொரு படச்சட்டத்துக்கும் ஒரு துடிப்பு தரும் தொழிற்சாலைக் கேமரா இருந்தால், அந்தத் துடிப்பைப் பெருக்கியின் துணைத் தடத்தில் பதிவு செய்வதே எளிது. ஒரே துடிப்பு பல கருவிகளுக்குப் போக வேண்டுமானால், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு என்று தொடர்ச்சியாகக் கடத்தாமல், பிறப்பிடத்திலிருந்தே எல்லாவற்றுக்கும் நேராகப் பிரித்துக் கொடுங்கள்.

துடிப்பைப் பிறப்பிக்கப் பழைய கணினிகளில் அச்சுப்பொறியை இணைக்கப் பயன்பட்ட பேரலல் போர்ட் இன்றும் அருமையான வழி. அதன் 2 முதல் 9 வரையுள்ள முனைகள் எட்டுத் தரவுக் கோடுகள்; 18 முதல் 25 வரை கிரவுண்ட், அதாவது பூச்சிய மின்னழுத்தப் பொதுக்கோடு. சேலத்தில் பழைய கணினி விற்கும் கடைகளில் இந்தப் போர்ட் உள்ள மேசைக் கணினி கிடைத்தால் தயங்காமல் வாங்கி வையுங்கள். கிடைக்காதவர்கள் யுஎஸ்பி வழியாக ஆர்டுயினோ என்னும் நிரல் எழுதி இயக்கும் சிறு மின்னணுப் பலகைக்கு ஒற்றை பைட் அனுப்பி, அந்தப் பலகையைத் துடிப்பு வெளியிடச் செய்யலாம். இந்த வழியில் மூன்று செய்திகளை நினைவில் வைக்க வேண்டும். முதலாவது, நொடிக்கு 9600 பிட் வேகத்தில் ஒரு பைட் செல்ல 1 மில்லி நொடிக்கும் மேலாகும். 115200 வேகத்தில் 0.1 மில்லி நொடிகூட ஆகாது. அடுத்தது, ஊனோ, மெகா போன்ற பலகைகளில் கணினி தொடர்பைத் திறந்தவுடன் பலகை மறுதொடக்கம் ஆகிச் சில நொடிகள் எதையும் கேட்காது. அந்த இடைவெளியில் அனுப்பிய முதல் ட்ரிகர்கள் தொலைந்துபோகும். கடைசியாக, பொத்தான் அழுத்தம் போன்றவை கணினிக்கு வரும் திசையில் சில யுஎஸ்பி மாற்றிச் சிப்கள் 16 மில்லி நொடி வரை தரவைத் தேக்கி வைக்கும். இயக்கி அமைப்புகளில் அதை 1 மில்லி நொடியாகக் குறைக்கலாம்.

கம்பியே இல்லாமல், லேப் ஸ்ட்ரீமிங் லேயர் போன்ற மென்பொருளால் வலைப்பின்னல் வழியாகவே கணினிகளின் கடிகாரங்களை ஒப்பிட்டு இணைக்கவும் முடியும். பல கருவிகள் ஒன்றாக ஓடும் ஆய்வில் இது பெரும் உதவி. ஆனால் பெருக்கியிலிருந்து கணினிக்கு வந்து சேரும் வரை தரவுக்கு ஏற்பட்ட தாமதத்தை அந்த மென்பொருளால் காண இயலாது; அதை அளக்க மின்துடிப்பு ஒன்று வேண்டியிருக்கிறது. ஆகவே இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துமாறு பரிந்துரைக்கிறேன்.

மின்னழுத்தமும் மின்தனிமையும்

டிடிஎல் என்னும் தர்க்க அமைப்பில் 0.8 வோல்ட்டுக்குக் கீழே இருப்பது தாழ்நிலை, 2 வோல்ட்டுக்கு மேல் இருப்பது உயர்நிலை. 3.3 வோல்ட் வெளியிடும் பலகை டிடிஎல் உள்ளீட்டை இயக்கிவிடும். 5 வோல்ட்டில் ஓடும் சீமாஸ் என்னும் வேறு வகைச் சிப்களின் உள்ளீடுகளுக்கோ 3.5 வோல்ட் தேவைப்படலாம். எதிர்த்திசையில் ஆபத்து அதிகம்: 3.3 வோல்ட் மட்டுமே தாங்கும் சிறிய பெருக்கிப் பலகைக்கு 5 வோல்ட் கொடுத்தால் அது பாழாகிவிடும். ஆர்எஸ்232 சீரியல் போர்ட்டின் கோடுகள் எதிர்மின்னழுத்தத்துக்கும் செல்லக்கூடியவை என்பதால் அவற்றை ட்ரிகர் உள்ளீட்டில் நேரடியாகச் செருகவே கூடாது. கருவியின் கையேட்டில் உள்ளீட்டு எல்லையைப் படித்துவிட்டு, மல்டிமீட்டரில் வெளியீட்டை அளந்த பிறகே இரண்டையும் இணைக்க வேண்டும்.

மனிதர் உடலில் மின்முனை பொருத்தியிருக்கும்போது பாதுகாப்பு எல்லாவற்றுக்கும் முதலில் வருகிறது. மின்முனைக் களிம்பு தோலின் மின்தடையைக் குறைத்துவிடுவதால், வெளிக்கருவி ஒன்றில் கசியும் மின்னோட்டம் ட்ரிகர் கம்பி வழியாக உடலை எட்ட வாய்ப்பு உண்டு. மருத்துவ மின்கருவிகளுக்கான ஐஇசி 60601-1 தரநிலைக்கு ஏற்பச் செய்யப்பட்ட பெருக்கிகளில் உடலோடு சேரும் பகுதி தனிமைப்படுத்தப்பட்டிருக்கும்; அந்தத் தனிமையை நாம் இழுக்கும் ஒரு கம்பி உடைத்துவிடக் கூடாது. இதற்கு ஆப்டோகப்ளர் என்னும் சிறு சிப் பயன்படுகிறது. அதன் ஒரு பக்கத்தில் எல்இடி, மறு பக்கத்தில் ஒளியுணரும் டிரான்சிஸ்டர். நடுவில் ஒளி மட்டுமே கடக்கிறது. பிசி817 என்னும் எளிய வகையே ட்ரிகருக்குப் போதுமான வேகம் கொண்டது. சேலத்து எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் இல்லாவிட்டால் சென்னை ரிச்சி தெருவிலிருந்து வரவழைத்துக்கொள்ளலாம். 5 வோல்ட் துடிப்புக்கு 390 ஓம் தடையைத் தொடரில் வைத்தால் எல்இடியில் ஏறத்தாழ 10 மில்லி ஆம்பியர் ஓடும். பேரலல் போர்ட்டால் அவ்வளவு தர முடியாமல் போகலாம் என்பதால் அங்கே 1 கிலோ ஓம் வையுங்கள். பெறும் பக்கத்துக்கான மின்சாரத்தைப் பெருக்கியின் ட்ரிகர் முனையிலிருந்தே எடுக்க வேண்டும். இரு பக்கக் கிரவுண்டையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டால் ஆப்டோகப்ளர் வைத்ததன் பயனே போய்விடும்.

ஆப்டோகப்ளர் டிரான்சிஸ்டரின் கலெக்டர் முனையில் மேல்நோக்கித் தடை (மின்வழங்கலோடு இணைக்கும் தடை) வைத்து வெளியீடு எடுத்தால் துடிப்பு தலைகீழாகும். எட்டுக் கோடுகளும் சேர்ந்து ஓர் எண்ணைக் குறிக்கின்றன; எட்டிலும் அப்படிச் செய்தால் 1 என்று அனுப்பியது 254 என்று பதிவாகும். பெருக்கியின் அமைப்பில் இறங்குமுகத்தைத் தேர்ந்தெடுத்தோ, வெளியீட்டை எமிட்டரிலிருந்து எடுத்தோ சரிசெய்யலாம். பயன்படாத உள்ளீட்டுக் கோடுகளை அந்தரத்தில் விடாமல் 10 கிலோ ஓம் தடையால் கிரவுண்டோடு இணையுங்கள். இல்லாவிட்டால் யாராவது நாற்காலியை நகர்த்தினால்கூடப் பொய்க் குறிகள் விழும்.

துடிப்பின் அகலமும் குறி எண்களும்

பெருக்கி நொடிக்கு 250 முறை மாதிரி எடுத்தால் இரு மாதிரிகளுக்கிடையே 4 மில்லி நொடி. 1 மில்லி நொடி மட்டுமே நீடிக்கும் துடிப்பு அந்த இடைவெளிக்குள் பிறந்து மறைந்துவிடும். குறைந்தது இரண்டு மாதிரிகளாவது நீடிக்கட்டும். 250 ஹெர்ட்ஸுக்கு 10 மில்லி நொடியும் 1000 ஹெர்ட்ஸுக்கு 5 மில்லி நொடியும் நல்ல அளவு.

எட்டுக் கோடுகளில் 0 முதல் 255 வரை எண்கள் கிடைக்கின்றன. 0 ஓய்வுநிலைக்கு உரியது. ஒவ்வொரு குறிக்குப் பின்னும் கோடுகளை 0 நிலைக்குத் திருப்ப வேண்டும். எட்டுக் கோடுகளும் ஒரே கணத்தில் மாறாவிட்டால், 3 என்று அனுப்பியதில் முதலில் 1 விழுந்து அடுத்த மாதிரியில் 3 ஆகும். பகுப்பாய்வில் இல்லாத நிகழ்வு ஒன்று முளைக்கும். ஆர்டுயினோ மெகாவில் 22 முதல் 29 வரையுள்ள கால்கள் ஒரே போர்ட்டைச் சேர்ந்தவை என்பதால் ஒரே கட்டளையில் எட்டையும் மாற்றலாம். வகை குறைவாக இருக்கும் சோதனைகளில் 1, 2, 4, 8 என்று ஒரு கோடு மட்டும் உயரும் எண்களையே பயன்படுத்தினால் இந்தச் சிக்கல் எழவே எழாது.

திரையை அளப்பது

60 ஹெர்ட்ஸ் திரை ஒரு படச்சட்டத்துக்கு 16.7 மில்லி நொடி எடுத்துக்கொண்டு மேலிருந்து கீழாகப் படத்தைப் புதுப்பிக்கிறது. அதனால் மேல்விளிம்பில் உள்ள புள்ளியைவிடக் கீழ்விளிம்பில் உள்ள புள்ளி ஏறக்குறைய ஒரு சட்டம் பிந்தித்தான் ஒளிரும். மானிட்டருக்குள் நடக்கும் படச்செம்மை வேலைகள் இன்னும் சில சட்டங்களைக் கூட்டக்கூடும். கணினி இவை எதையும் அறியாமல், படத்தை அனுப்பிய நேரத்தையே காட்டிய நேரமாக எழுதிவைக்கிறது.

இதை அளக்க ஓர் ஒளி டையோடு போதும். பிபிடபிள்யூ34 போன்ற ஒன்றை இரு மின்னழுத்தங்களை ஒப்பிடும் எல்எம்393 கம்பேரட்டர் சிப்புடன் இணைத்து, ஒளி ஓர் அளவைத் தாண்டியதும் 5 வோல்ட் எழும்படி சுழல்தடையால் சரிசெய்துகொள்ளுங்கள். எல்எம்393 சிப்பின் வெளியீட்டுக்கு மேல்நோக்கிய தடை கட்டாயம் தேவை. தூண்டல் தோன்றும் அதே சட்டத்தில் திரையின் ஓரத்தில் ஒரு வெள்ளைச் சதுரமும் தோன்றும்படி நிரலில் எழுதி, தூண்டலின் உயரத்திலேயே அதை வைத்து, அதன்மேல் டையோடைக் கறுப்பு இன்சுலேஷன் டேப்பால் வெளியொளி புகாதபடி ஒட்டுங்கள். மானிட்டரின் வெளிச்சத்தை முழு அளவில் வையுங்கள். வெளிச்சத்தைக் குறைக்கும்போது பல திரைகள் பின்னொளியை அணைத்து அணைத்து ஏற்றுவதால் டையோடு அந்தத் துடிப்புகளையும் எண்ணிவிடும்.

இப்போது மனிதர் யாரும் இல்லாமல், ட்ரிகரை ஒரு தடத்திலும் டையோடை மறு தடத்திலும் வைத்து நூற்றுக்கணக்கான தூண்டல்களை ஓடவிடுங்கள். இரு ஏறுமுகங்களுக்கும் இடையேயான வேறுபாட்டை ஒவ்வொரு தூண்டலுக்கும் கணக்கிட்டு வரைபடமாக்கினால் உண்மை கண்முன் தெரியும். எல்லாப் புள்ளிகளும் ஒரே கோட்டில் அமர்ந்தால் அந்த எண்ணைக் கழித்துவிட்டு வேலையைத் தொடங்கலாம். இரண்டு கோடுகளாக, சரியாக 16.7 மில்லி நொடி இடைவெளியில் பிரிந்து நின்றால் சில சட்டங்கள் தவறவிடப்படுகின்றன என்று பொருள்: பின்னணி நிரல்களை மூடுங்கள், இரண்டாவது மானிட்டரைக் கழற்றுங்கள், திரைப் புதுப்பிப்போடு ஒத்திசையும் அமைப்பு இயங்குகிறதா என்று பாருங்கள். புள்ளிகள் மெல்ல ஏறிச் சட்டென்று இறங்கும் ரம்பப்பல் வடிவில் வந்தால், ட்ரிகரைத் திரைப் புதுப்பிப்புக்குக் காத்திராமல் அனுப்பிக்கொண்டிருக்கிறீர்கள்.

ஒலிக்கும் இதே முறைதான். காதுக்குச் செல்லும் ஒலியைப் பிரித்து, அளவைக் குறைத்து, தனிமைப்படுத்திய துணை உள்ளீட்டில் பதிவு செய்யுங்கள். புளூடூத் இயர்போன்களை எந்தக் காரணம் கொண்டும் அனுமதிக்காதீர்கள். அவற்றின் தாமதம் நூறு மில்லி நொடிக்கு மேலும் செல்லும், மாறிக்கொண்டும் இருக்கும். ஒலிபெருக்கியானால் ஒவ்வொரு மீட்டர் தூரத்துக்கும் ஏறத்தாழ 3 மில்லி நொடி கூட்ட வேண்டும்.

தறிவீட்டில்: கம்பியால் இணைக்க முடியாத கருவிகள்

ஆய்வகத்துக்கு வெளியே வரும்போது சிக்கலின் வடிவம் மாறுகிறது. சேலத்து அம்மாப்பேட்டையில் ஒரு கைத்தறி நெசவாளரின் முன்கைத் தசையில் மின்முனைகளை ஒட்டி, ஊடை நூலைக் கடத்தும் நாடா பாயும் ஒவ்வொரு முறையும் தசை எப்படி இயங்குகிறது என்று பார்க்க விரும்புவதாக வைத்துக்கொள்வோம். கையில் கட்டிய சிறு பதிவுக் கருவி பேட்டரியில் ஓடுகிறது. கேமரா சுவரோரம் நிற்கிறது. மிதியின் அசைவை அறிய அதன் அடியில் ஒரு காந்தமும் அதை உணரும் ஹால் உணரியும் உண்டு. சாதாரணச் சுவிட்சை இங்கே வைத்தால் தொடுமுனை சில மில்லி நொடி துள்ளி ஒரு மிதிப்பைப் பல மிதிப்புகளாகக் காட்டும். பஞ்சுத் தூசியும் அதைச் சீக்கிரம் கெடுத்துவிடும். வேலை செய்பவரின் கைக்கும் தறிக்கும் இடையே கம்பிகளை இழுப்பது அவருக்கும் இடைஞ்சல், பாவு நூலுக்கும் ஆபத்து. ஆகவே ஒவ்வொரு கருவியும் தன் கடிகாரத்தில்தான் பதிவு செய்யும்.

குவார்ட்ஸ் கடிகாரங்கள் பத்து லட்சத்தில் 20 முதல் 50 பங்கு வரை பிசகுவது இயல்பு. 50 பங்கு என்றால் நிமிடத்துக்கு 3 மில்லி நொடி, ஒரு மணி நேரத்தில் 180 மில்லி நொடி. தொடக்கத்தில் ஒருமுறை கை தட்டிச் சேர்த்துக்கொண்டால் போதும் என்ற எண்ணம் இங்கேதான் உடைகிறது. தசை மின்னலைக்கும் அதனால் எழும் அசைவுக்கும் இடையே உள்ள இயல்பான தாமதமே சில பத்து மில்லி நொடிகள் என்பதால், கடிகாரப் பிசகு அதை எளிதாக விழுங்கிவிடும்.

இதற்கு ஒரு சிறு பேட்டரிப் பெட்டியைத் தயாரியுங்கள். அது 2 முதல் 5 நொடிக்குள் ஒழுங்கற்ற இடைவெளிகளில் துடிப்பு வெளியிட வேண்டும். அதே துடிப்பில் கேமராவின் பார்வைக்குள் இருக்கும் எல்இடி ஒன்றும் எரிய வேண்டும். இடைவெளிகள் ஒழுங்கற்று இருப்பதால், ஒரு பதிவின் துடிப்பு வரிசை மற்றப் பதிவில் ஒரே ஓர் இடத்தில்தான் பொருந்தும். நடுவில் ஒரு துடிப்பு தவறினாலும் கண்டுபிடித்துவிடலாம். பெட்டியின் கம்பியை நெசவு தொடங்கும் முன் சில நிமிடங்களும், முடிந்த பின் சில நிமிடங்களும் கைக்கருவியிலும் மிதி உணரியின் பதிவுக் கருவியிலும் செருகி எடுத்தால் போதுமானது. கேமராவோ எல்இடியை இடையறாமல் பார்த்துக்கொண்டிருக்கும். பிறகு ஒரு கருவியின் துடிப்பு நேரங்களைக் கிடையச்சிலும் மற்றதன் நேரங்களைக் குத்தச்சிலும் வைத்து நேர்க்கோடு பொருத்துங்கள். கோட்டின் சரிவு கடிகாரங்களின் வேக விகிதத்தையும், வெட்டுப்புள்ளி தொடக்க வேறுபாட்டையும் தரும்.

நொடிக்கு 30 சட்டம் எடுக்கும் கேமராவில் எல்இடி எரிந்த நேரத்தை 33 மில்லி நொடிக்குள்தான் அறிய முடியும். பல துடிப்புகளுக்குக் கோடு பொருத்தும்போது அந்தப் பிழை வெகுவாகக் குறைகிறது. கைப்பேசிக் கேமராக்கள் வெளிச்சத்துக்கு ஏற்பச் சட்ட வேகத்தைத் தாமாகவே மாற்றிக்கொள்வதால், சட்ட எண்ணை 30 ஆல் வகுத்து நேரம் கணக்கிடாமல், கோப்பில் ஒவ்வொரு சட்டத்துக்கும் உள்ள நேர முத்திரையை எடுத்துக்கொள்ளுங்கள். பதிவின் தொடக்கத்தில் நெசவாளரிடம், “அண்ணே, நாடா விடாம, மிதியை மட்டும் மெதுவா அஞ்சு தடவை அழுத்துங்க” என்று கேட்டுக்கொண்டால், மிதி உணரியும் கேமராவும் ஒரே அசைவைக் காட்டுகின்றனவா என்று சரிபார்க்கத் தெளிவான பகுதி ஒன்று கிடைக்கும்.

அக்கம்பக்கத்தில் விசைத்தறிகள் ஓடினால் அவற்றின் மோட்டார்கள் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலைக் கூட்டும், தரையின் அதிர்வு மின்முனைக் கம்பிகளை ஆட்டும். கம்பிகளை மருத்துவ டேப்பால் தோலோடு ஒட்டிவிடுங்கள். மின்தடை நேரத்தில் இன்வெர்ட்டரை நம்பிப் பதிவு செய்யாமல் மடிக்கணினியைப் பேட்டரியிலேயே ஓட்டுங்கள், ஏனென்றால் சதுர அலை இன்வெர்ட்டர்கள் 150, 250 ஹெர்ட்ஸ் ஒத்திசைவுகளையும் சேர்த்துக் கொட்டும்.

ஏற்காட்டுக் காபித் தோட்டத்தில் பழம் பறிப்பவர்களின் தோள் தசையைப் பதிவு செய்பவர்களுக்கும் இதே பெட்டி பயன்படும். ஆனால் குவார்ட்ஸின் வேகம் வெப்பநிலைக்கேற்ப மாறுவதால், கோடை நாளில் சேலத்தில் அளந்த கடிகாரப் பிசகை 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டில் அப்படியே பயன்படுத்தக் கூடாது. ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு நாளும் புதிதாக அளக்க வேண்டும். மாலையில் இடி முழங்கத் தொடங்கினால் நீண்ட கம்பிகளையெல்லாம் கழற்றிவிட்டுப் பதிவை நிறுத்துங்கள்.

பதிவுக்குப் பின்

கோப்பைத் திறந்ததும் குறிகளை எண்ணுங்கள். நிரல் அனுப்பிய எண்ணிக்கையும் பெருக்கி பதிந்த எண்ணிக்கையும் ஒன்றாக இருக்க வேண்டும். அடுத்தடுத்த குறிகளின் இடைவெளிகளையும் இரு பக்கத்திலும் ஒப்பிடுங்கள். மாதிரி வீதத்தைக் குறைக்கும் எண்ணம் இருந்தால், முதலில் குறிகளை நிகழ்வு நேரங்களாக மாற்றிச் சேமித்துவிடுங்கள். ட்ரிகர் தடத்தையும் அலைகளோடு சேர்த்துச் சுருக்கினால் துடிப்புகள் சிதைந்துவிடும். நிகழ்நேர வடிகட்டிகள் அலையைப் பின்தள்ளும், ட்ரிகர் தடத்தையோ தொடாது. எனவே வடிகட்டாத தரவைச் சேமித்து, பின்னர் அலையின் நேரத்தை நகர்த்தாத (கட்டம் மாற்றாத) வடிகட்டியால் வடிகட்டுங்கள்.

அளந்த தாமதத்தை மூலக்கோப்பில் திருத்தாமல் பகுப்பாய்வு நிரலில் ஒரு மாறியாக வைத்துக் கழியுங்கள். மானிட்டரோ, ஒலி அட்டையோ, இயங்குதளமோ, ஒரு யுஎஸ்பி ஹப்போ மாறினாலும் ஒளி டையோடு சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். ஆய்வறிக்கையின் முறையியல் பகுதியில் துடிப்பின் அகலம், மாதிரி வீதம், திரையின் வேகம், அளந்த சராசரித் தாமதம், அதன் திட்டவிலக்கம், அளந்த தேதி ஆகியவற்றை எழுதி, டையோடு பதிவின் கோப்பையும் தரவோடு சேர்த்து வையுங்கள். மதிப்பீட்டாளர் கேட்கும்போது காட்ட வேண்டியது அந்தக் கோப்புதான்.